கடல்நீர் மீன்தொட்டியின் கண்ணாடி மூடி: ஒரு வரலாறு

கடல்நீர் மீன்தொட்டி என்பது உப்புநீரில் வாழும் மீன்கள், பவளங்கள், கடற்சாமந்திகள் முதலியவற்றை வீட்டிலோ காட்சியகத்திலோ வளர்ப்பதற்கான கண்ணாடித் தொட்டி ஆகும். இதன் வாய்ப்பகுதியை மூடும் ஒளிபுகும் தகடு சிறிய உறுப்பாகத் தோன்றினாலும் பல பணிகளைச் செய்கிறது. மீன் வெளியே குதிப்பதையும், தூசி உள்ளே விழுவதையும், நீர் ஆவியாகிக் குறைவதையும் அது தடுக்கிறது. விளக்கின் மீது உப்புநீர் தெறிக்காமல் காக்கிறது. அதே வேளையில் ஒளி உள்ளே செல்லவும், காற்று வந்து போகவும் அது இடம் கொடுக்க வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றோடொன்று முரண்படுபவை. நன்றாக மூடினால் காற்று குறையும். நன்றாகத் திறந்துவைத்தால் நீரும் மீனும் வெளியேறும். ஏறத்தாழ 180 ஆண்டுகளாக மூடியின் வடிவமும் பொருளும் மாறிவந்ததற்கு இந்த முரண்பாடே காரணம்.

வார்டின் மூடிய பெட்டி

மீன்தொட்டியின் வரலாறு செடி வளர்த்த ஒரு மருத்துவரிடம் தொடங்குகிறது. நத்தானியேல் பேக்ஷா வார்டு, இலண்டனின் கிழக்குப் பகுதியில், கப்பல் துறைகளுக்கு அருகே வாழ்ந்தார். நிலக்கரிப் புகை சூழ்ந்த அப்பகுதியில் அவர் வளர்த்த பெரணிச் செடிகள் பிழைக்கவில்லை. 1829-இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணுடன் ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடிவைத்தார். சில நாட்களில் அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமே முளைத்தன. வெளியே தோட்டத்தில் பிழைக்காத செடி, மூடிய புட்டிக்குள் தழைத்தது. மண்ணிலிருந்து எழுந்த நீராவி கண்ணாடியில் படிந்து, துளிகளாகி, மீண்டும் மண்ணுக்கே திரும்பியதை வார்டு கவனித்தார்.

இதிலிருந்து உருவானதே வார்டியப் பெட்டி. 1833-இல் இத்தகைய இரண்டு பெட்டிகளில் செடிகள் வைக்கப்பட்டு இலண்டனிலிருந்து சிட்னிக்குக் கப்பலில் அனுப்பப்பட்டன. அவை உயிருடன் போய்ச் சேர்ந்தன. பின்னர் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவின் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும், தென் அமெரிக்காவின் சின்கோனாக் கன்றுகள் நீலகிரியை நோக்கி அனுப்பப்பட்டதும் இவ்வகைப் பெட்டிகளில்தான். தம் கண்டுபிடிப்பை விளக்கி வார்டு 1842-இல் ஒரு நூலை வெளியிட்டார்.

வார்டியப் பெட்டி முற்றிலும் காற்றுப் புகாததன்று. ஆயினும் 'கண்ணாடியால் மூடினால் உள்ளே ஒரு தனி உலகம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும்' என்ற எண்ணத்தை அது மக்கள் மனத்தில் பதித்தது. செடிகளுக்குப் பொருந்திய இவ்வெண்ணம், மூச்சுவிடும் கடல் உயிர்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்பது அடுத்த தலைமுறையின் கேள்வியாயிற்று.

கடல்நீர் தொட்டிக்குள் வந்த விதம்

இதே காலத்தில் இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள மெசினா நகரில் ஷான் வீல்ப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி ஆர்கோனாட் என்னும் கணவாய் வகை உயிரினத்தை ஆராய்ந்து வந்தார். அதன் மெல்லிய ஓடு அதனுடையதா, வேறோர் உயிரினத்திடமிருந்து எடுத்துக்கொண்டதா என்பது அப்போது விடையறியாத வினாவாக இருந்தது. உயிருள்ள ஆர்கோனாட்டைக் கவனித்தால்தான் விடை கிடைக்கும் என்று கருதிய அவர், 1832-இல் கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்தார். ஆர்கோனாட் தன் ஓட்டைத் தானே உருவாக்குகிறது என்பதை அவர் மெய்ப்பித்தார்.

இலண்டனில் கடல்நீரை நீண்டகாலம் கெடாமல் காக்க முயன்றவர்களுள் முன்னோடி அன்னா தைன். 1846-இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் உள்ள டார்க்கீ நகரிலிருந்து சில கற்பவளங்களை அவர் இலண்டனுக்குக் கொண்டுவந்தார். நகரில் புதிய கடல்நீர் எளிதில் கிடைக்காததால், இருந்த நீருக்கே உயிரூட்ட வேண்டியிருந்தது. நாள்தோறும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை, திறந்த சாளரத்தின் முன் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்திற்கு நீரை ஊற்றி ஆற்றும் வேலை வீட்டுப் பணிப்பெண்ணுக்குத் தரப்பட்டது. பால் ஆற்றுவது போன்ற இந்த வேலையால் காற்று நீரில் கலந்தது. அடுத்த ஆண்டில் கடற்பாசிகளையும் தொட்டியில் சேர்த்த பின் அவர் சமநிலை கொண்ட தொட்டி ஒன்றை அமைத்தார்.

கடல் உயிர் பிழைக்கக் காற்று தேவை என்பதை இந்த அனுபவம் காட்டியது. வார்டின் பெட்டி மூடியிருந்ததால் வென்றது. தைனின் தொட்டி திறந்திருந்ததால் வென்றது. மூடியைப் பற்றிய விவாதத்தின் இரு பக்கங்களும் இவ்வாறு தொடக்கத்திலேயே அமைந்துவிட்டன.

கண்ணாடி வரியும் தொட்டி மோகமும்

பிரிட்டனில் கண்ணாடி மீது ஏறத்தாழ 100 ஆண்டுகள் கலால் வரி விதிக்கப்பட்டு வந்தது. 1845-இல் அந்த வரி நீக்கப்பட்டதும் கண்ணாடியின் விலை இறங்கியது. 1851-இல் இலண்டனில் கண்ணாடியாலும் இரும்பாலும் எழுந்த பளிங்கு மாளிகை இம்மாற்றத்தின் பெரிய அடையாளம். நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி இடம்பெற்றது அதன் சிறிய அடையாளம்.

வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850-இல் நன்னீர்த் தொட்டி பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். பொன்மீன்கள், நீர்த்தாவரம், நத்தைகள் ஆகிய மூன்றும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழ முடியும் என்று அவர் காட்டினார். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும். செடி தரும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும். அழுகும் இலைகளை நத்தை தின்னும். இயற்கையறிஞர் பிலிப் ஹென்றி காஸ் இதே கொள்கையைக் கடல்நீரில் நடைமுறைப்படுத்தினார். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் முதல் பொது மீன் காட்சியகம் திறக்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1854-இல் அவர் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லையே பரவலாக்கியது.

அக்காலத் தொட்டிகள் பல வடிவங்களில் இருந்தன. இரும்பும் கற்பலகையும் கொண்டு கட்டப்பட்ட நீள்சதுரத் தொட்டிகள் விலை மிகுந்தவை. தோட்டத்தில் நாற்றுகளை மூடப் பயன்பட்ட மணி வடிவக் கண்ணாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து மரத்தாங்கியில் நிறுத்திய தொட்டிகள் மலிவானவை. எதுவாக இருப்பினும் மேலே ஒரு கண்ணாடித் தகட்டை வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. நிலக்கரி அடுப்புகள் எரிந்த வீடுகளில் கரித்தூசி நீரின் மேல் படலமாகப் படிந்துவிடும் என்பது அதற்கு முதல் காரணம். நீர் ஆவியாகிக் குறையும் என்பது இரண்டாவது காரணம். காற்று புகுவதற்காகத் தகட்டைச் சிறிது தூக்கி வைப்பதும் அன்றே தேவைப்பட்டது.

ஆவியாதலின் கணக்கு

நன்னீர்த் தொட்டியில் நீர் குறைந்தால் அளவு மட்டுமே குறையும். கடல்நீர்த் தொட்டியில் நீர் குறையும்போது நீரின் தன்மையே மாறுகிறது. ஆவியாவது தூய நீர் மட்டுமே; உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தியில் கட்டிய கடல்நீர் வெயிலில் சுண்டுவதும் இதே முறையில்தான்.

கடல்நீரின் சராசரி உவர்ப்பு ஆயிரத்தில் 35 பங்கு. அதாவது 100 லிட்டர் தொட்டியில் ஏறத்தாழ 3.5 கிலோ உப்பு கரைந்திருக்கும். மூடியில்லாமல் 10 லிட்டர் நீர் ஆவியாகிவிட்டால், அதே 3.5 கிலோ உப்பு 90 லிட்டரில் அடங்கி, உவர்ப்பு ஆயிரத்தில் 39 பங்கை நெருங்கிவிடும். கடற்சாமந்தி, நட்சத்திர மீன், பவளம் போன்றவை தம் உடலின் உப்பு அளவைச் சுற்றியுள்ள நீருக்கு ஏற்பவே வைத்திருப்பவை. திடீர் மாற்றத்தை அவை தாங்குவதில்லை.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தொட்டி நிரம்பியுள்ளபோது நீர்மட்டத்தைக் கண்ணாடியில் குறித்துவைத்து, மட்டம் இறங்கும்போதெல்லாம் நன்னீரை மட்டும் ஊற்றிக் குறிவரை நிரப்ப வேண்டும். கடல்நீரை ஊற்றினால் உப்பு கூடிக்கொண்டே போகும். இன்று மிதவையும் சிறு மோட்டாரும் தானாகச் செய்யும் இப்பணியைக் கையால் செய்த காலத்தில், மூடி எவ்வளவு பொருந்தியிருந்ததோ அவ்வளவுக்கு வேலை குறைந்தது.

தப்பிக்கும் உயிர்கள்

வீட்டுத் தொட்டி மோகம் தணிந்த பின், பெரிய பொதுக் காட்சியகங்களின் காலம் வந்தது. வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு என்பவர் இலண்டனில் மீன்தொட்டிப் பொருள் விற்றவர். பின்னர் ஹாம்பர்க் நகரிலும், 1871-இல் திறக்கப்பட்ட பளிங்கு மாளிகைக் காட்சியகத்திலும் நீர் ஓடும் அமைப்புகளை உருவாக்கினார். காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருண்ட தேக்கத்தில் கடல்நீரைச் சேமித்து, நீராவி எந்திரத்தால் ஓயாமல் சுழலச் செய்தார். அன்னா தைனின் பணிப்பெண் கையால் செய்த வேலையை எந்திரம் ஏற்றுக்கொண்டது. நீர் இவ்வாறு ஓடியதால் மேற்பரப்பில் காற்று தடையின்றிக் கலந்தது. பார்வையாளர்கள் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகவே பார்த்தனர். தொட்டிகளின் மேற்புறம் பணியாளர் நடமாடும் பகுதியாகத் திறந்தே இருந்தது. சென்னை மெரினாக் கடற்கரையில் 1909-இல் திறக்கப்பட்ட மீன் காட்சியகமும் பொதுமக்களுக்குக் கடலுயிர்களைக் காட்டும் இந்த மரபில் வந்ததே.

திறந்த மேற்புறத்தின் குறையை ஆக்டோபஸ் எனப்படும் பேய்க்கணவாய் வெளிப்படுத்தியது. இங்கிலாந்தின் பிரைட்டன் காட்சியகம் 1872-இல் திறக்கப்பட்டது. அங்கு ஒரு தொட்டியில் இருந்த லம்ப்ஃபிஷ் என்னும் சிறு மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. ஒருநாள் காலையில், பக்கத்துத் தொட்டியில் இருக்க வேண்டிய ஆக்டோபஸ் ஒன்று அந்த மீன்களின் தொட்டியில் காணப்பட்டது. அது இரவில் தன் தொட்டிச் சுவரைத் தாண்டிச் சென்று மீனைத் தின்றுவிட்டுத் திரும்பிவந்திருக்கிறது என்பது தெரிந்தது. காட்சியகத்தின் இயற்கையறிஞர் ஹென்றி லீ, ஆக்டோபஸ் பற்றி 1875-இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவுசெய்துள்ளார்.

இது பழங்கதையாக முடிந்துவிடவில்லை. 2016-இல் நியூசிலாந்தின் நேப்பியர் நகரில் உள்ள தேசிய மீன் காட்சியகத்தில் 'இங்கி' என்ற ஆக்டோபஸ், பராமரிப்புப் பணிக்குப் பின் மூடி சற்றே விலகியிருந்த இடைவெளி வழியாக வெளியேறியது. தரையில் ஊர்ந்து, வடிகால் குழாய் ஒன்றினுள் புகுந்து, ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுள்ள அக்குழாய் வழியே கடலை அடைந்தது. ஆக்டோபஸின் உடலில் அலகு ஒன்றுதான் கடினமான பெரிய பகுதி. அலகு நுழையும் துளைக்குள் உடல் முழுவதும் நுழைந்துவிடும். இங்கி கடலுக்குச் சென்றது. வீட்டுத் தொட்டியிலிருந்து வெளியேறும் உயிர்களுக்கோ வறண்ட தரை ஒன்றே காத்திருக்கிறது.

மீன்கள் குதிப்பதற்கும் இயல்பான காரணங்கள் உண்டு. பவளத்திட்டில் ஒரு சிறுமீனைப் பெருமீன் துரத்தினால், அது மேல்நோக்கிப் பாய்ந்து வேறோரிடத்தில் நீரில் விழும். கடலில் உயிர்காக்கும் இந்தப் பாய்ச்சல் தொட்டியில் உயிரைப் பறிக்கிறது. விளக்கு திடீரென அணைவது, புதிய மீனைச் சேர்ப்பது, இரவில் ஏற்படும் அதிர்வு ஆகியவை இப்பாய்ச்சலைத் தூண்டும். ஃபயர்ஃபிஷ், உளுவை இனங்கள், ராஸ் குடும்ப மீன்கள் ஆகியவை குதிப்பதில் பெயர்பெற்றவை. அஞ்சாலை எனப்படும் மோரே விலாங்கு குதிப்பதில்லை. மூடியின் மூலையைத் தேடி, தலையால் நெம்பி வெளியேறும்.

துருவும் விளக்கும்

20-ஆம் நூற்றாண்டில் மின்விளக்கு மீன்தொட்டியின் மேல் வந்து அமர்ந்தது. அதுவரை சாளரத்தின் ஒளியை நம்பியிருந்த தொட்டி, அறையின் எந்த மூலையிலும் வைக்கக்கூடியதாயிற்று. உலோகத் தகட்டால் ஆன கவிகை, அதனுள் விளக்கு என்பதே நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழக்கமான மூடி.

நன்னீருக்குப் பொருந்திய இந்த அமைப்பு கடல்நீரில் தோற்றது. குமிழி உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் உலோகத்தில் படிந்து துருவேற்றின. துருவும் பூச்சும் கரைந்த நீர் மீண்டும் தொட்டிக்குள் சொட்டியது. செம்பும் துத்தநாகமும் மிகச் சிறிய அளவிலேயே முதுகெலும்பற்ற கடல் உயிர்களுக்கு நஞ்சாகும். உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், நனைந்த விளக்குப் பொருத்தி வளர்ப்பவருக்கும் ஆபத்தாயிற்று. ஆகவே விளக்கிற்கும் நீருக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தகடு இன்றியமையாததாயிற்று. தூசியைத் தடுக்க வந்த மூடி, மின்விபத்தைத் தடுக்கும் காப்பாகவும் மாறியது.

தொட்டியின் உடலும் இதே காரணத்தால் மாறியது. உலோகச் சட்டத்தில் மக்குப் பூசிக் கண்ணாடியைப் பொருத்தும் பழைய முறையைக் கடல்நீர் விரைவில் அரித்துவிட்டது. 1960-களில் சிலிகான் பசையால் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டும் முறை பரவியது. உலோகமே இல்லாத தொட்டி உருவானதும் கடல்நீர் வளர்ப்பு மீண்டும் பரவலாயிற்று. விற்பனைக்கு வந்த செயற்கைக் கடலுப்பும், வெப்பமண்டல மீன்களை விரைந்து கொண்டுவந்த ஜெட் விமானங்களும் அதற்குத் துணைநின்றன.

புதிய பொருள்கள்: அக்ரிலிக், பாலிகார்பனேட்

கண்ணாடிக்கு மாற்றான ஒளிபுகும் பொருள் 1930-களில் வந்தது. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் உருவாக்கிய அக்ரிலிக் தகடு 1933-இல் 'பிளெக்சிகிளாஸ்' என்ற பெயர் பெற்றது. பிரிட்டனில் அதே பொருள் 'பெர்ஸ்பெக்ஸ்' எனப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் போர் விமானங்களின் விமானி அறைக் கூரைகளுக்கு அது பெருமளவில் பயன்பட்டது. போருக்குப் பின் காட்சியகங்களின் பெருஞ்சாளரங்களும் வீட்டுத் தொட்டிகளும் அதனால் செய்யப்பட்டன.

அக்ரிலிக்கின் எடை, கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு. ஒரு சதுர மீட்டர் பரப்பும் 6 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கண்ணாடி 15 கிலோ எடையிருக்கும். அதே அளவு அக்ரிலிக் ஏறத்தாழ 7 கிலோதான். ஒளியில் 92 விழுக்காட்டை அது உள்ளே விடுகிறது. வேண்டிய இடத்தில் துளையிடவும் வெட்டவும் எளிது. ஆனால் மூடியாகப் பயன்படுத்தும்போது ஒரு குறை வெளிப்பட்டது. அக்ரிலிக் சிறிதளவு நீரை உறிஞ்சி விரிவடையும். மூடியின் அடிப்பக்கம் எப்போதும் ஈரமாகவும் மேல்பக்கம் உலர்ந்தும் இருப்பதால், அடிப்பக்கம் மட்டும் விரிந்து தகடு வளைகிறது. விளிம்புகள் மேலெழும்பி இடைவெளி உண்டாகிறது. குதிக்கும் மீனுக்கு அந்த இடைவெளி போதும்.

1953-இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெலும் அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரையொருவர் அறியாமல் பாலிகார்பனேட்டைக் கண்டறிந்தனர். இது அக்ரிலிக்கைவிடக் குறைவாகவே நீரை உறிஞ்சும். எனவே குறைவாகவே வளையும். சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாது. எனினும் மேற்பரப்பு விரைவில் கீறல் விழும்; புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இல்லாத தகடு நாளடைவில் மஞ்சளாகும்.

மூடியைக் களைந்த காலம்

1961-இல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், தாம் கடல் மீன்களை வளர்க்கும் முறையை ஓர் அமெரிக்க இதழில் விளக்கினார். உயிரினங்கள் ஒட்டியிருக்கும் பவளப்பாறைத் துண்டுகளையும் புதிய கடல்நீரையும், காற்றுக் குமிழிகளையும் மட்டுமே அவர் நம்பினார். இவ்வழியை ஐரோப்பியர் பின்னர் வளர்த்தெடுத்தனர். 1980-களில் ஜெர்மனியில் 'பெர்லின் முறை' என்று அறியப்பட்ட அமைப்பு உருவானது. அதே பத்தாண்டில் அமெரிக்காவிலும் பவளத் தொட்டி வளர்ப்பு வேகமாகப் பரவியது.

பவளத்தின் உடலில் வாழும் நுண்பாசிகள் ஒளியை உணவாக்கிப் பவளத்திற்குத் தருகின்றன. எனவே பவளம் வளர்க்க வலிய ஒளி வேண்டும். இதற்காகத் தொட்டிக்கு மேலே மெட்டல் ஹாலைடு விளக்குகள் தொங்கவிடப்பட்டன. சுத்தமான கண்ணாடித் தகடே தன் இரு பக்கங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 8 விழுக்காடு ஒளியைத் திருப்பியனுப்பிவிடும். உப்புப் பூத்த கண்ணாடி இன்னும் மிகுதியாகத் தடுக்கும். விளக்கின் வெப்பம் மூடிய தொட்டிக்குள் தேங்கியது. ஆக்சிஜனும் ஒரு காரணமாயிற்று. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். அதே வெப்பத்தில் கடல்நீரில் 6.8 மில்லிகிராம்தான் கரையும். காற்றோட்டம் குறைந்தால் கரியமில வாயு தேங்கி, கடல்நீரின் காரத்தன்மையும் குறையும். பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுவது அப்போது கடினமாகும். இக்காரணங்களால் வளர்ப்பவர்கள் மூடியையே எடுத்துவிட்டனர்.

மூடியை எடுத்ததும் ஆவியாதல் எதிரியாக இல்லாமல் துணையாயிற்று. மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலவே திறந்த தொட்டியும் தன்னைக் குளிர்வித்துக்கொண்டது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. அவ்வளவும் தொட்டி நீரிலிருந்தே எடுக்கப்பட்டால் 100 லிட்டர் நீர் 5 பாகைக்கு மேல் குளிரும். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வில்கென்ஸ் பரப்பிய முறையில், குறைந்த நீருக்கு ஈடாகச் சுண்ணாம்புத் தெளிநீர் ஊற்றப்பட்டது. பவளத்திற்கு வேண்டிய கால்சியம் அதன்வழி சேர்ந்தது. எவ்வளவு நீர் ஆவியாகிறதோ அவ்வளவு சுண்ணாம்பு நீர் சேர்க்கலாம். 1850-களில் மூடியால் தடுக்க முயன்ற இழப்பு, 1980-களில் தொட்டியை நடத்தும் கருவியாக மாறியது.

இந்த மாற்றத்திற்கான விலையை மீன்கள் கொடுத்தன. திறந்த தொட்டிகளின் அடியில், தரையில் காய்ந்து கிடக்கும் மீனைக் காலையில் காண்பது பவளத் தொட்டி வைத்திருப்போரின் பொது அனுபவமாயிற்று.

வலை மூடி

இதற்கு விடையாக வந்தது வலை. கொசு புகாமல் சாளரத்திற்கு அடிக்கும் வலைச்சட்டத்தின் அமைப்பே இதற்கு முன்மாதிரி. அலுமினியச் சட்டத்தில், ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கண்ணளவுள்ள நிறமற்ற நெகிழி வலையை இழுத்துப் பொருத்தி, தொட்டியின் வாயில் பதிப்பர். ஒளி பெரிதும் தடைபடாது. காற்று முழுமையாக வந்து போகும். மீன் மட்டும் தாண்டாது.

வலைக்கும் வரம்பு உண்டு. அது ஆவியாதலைக் குறைப்பதில்லை. மிகச் சிறிய உளுவைகள் அதன் கண்வழியே வெளியேறலாம். ஆக்டோபஸுக்கும் பெரிய அஞ்சாலைக்கும் அது தடையே அன்று. தெறிக்கும் உப்புநீரிலிருந்து விளக்கையும் அது காப்பதில்லை.

2010-களில் எல்.இ.டி. விளக்குகள் பரவியபோது நிலைமை மீண்டும் மாறியது. அவை நீரை நோக்கிக் குறைந்த வெப்பத்தையே அனுப்புகின்றன. நீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கி, நுரைபிரிப்பான் வழியே காற்றுடன் கலக்கும் அமைப்புகளும் பொதுவாகிவிட்டன. காற்றுப் பரிமாற்றம் மேற்பரப்பை மட்டும் நம்பியிராத நிலையில், ஒளிபுகும் திண்ணிய மூடிகள் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தன.

இன்றைய தேர்வு

இந்த வரலாற்றிலிருந்து, மூடியைத் தேர்வதற்கான சில பொது விதிகளைப் பெறலாம்.

முதலில் தொட்டியில் வாழும் உயிரைப் பார்க்க வேண்டும். பவளமும் குதிக்கும் சிறுமீன்களும் உள்ள தொட்டிக்கு வலை பொருந்தும். மீன்கள் மட்டும் உள்ள தொட்டிக்குக் கண்ணாடி அல்லது பாலிகார்பனேட் பொருந்தும். அஞ்சாலைக்கு எடைமிகுந்த, நகராத மூடி வேண்டும். ஆக்டோபஸுக்குத் தாழ்ப்பாளிட்ட மூடியும், குழாய்கள் நுழையும் ஒவ்வொரு துளைக்கும் அடைப்பும் வேண்டும். அத்தகைய தொட்டிக்குக் காற்றைத் தனியே செலுத்த வேண்டும்.

அடுத்து பொருளைப் பார்க்க வேண்டும். கண்ணாடி வளைவதில்லை, கீறல் எளிதில் விழுவதில்லை, மலிவானது. ஆனால் எடை மிகுந்தது, உடையக்கூடியது. அதன் விளிம்புகளைத் தேய்த்து மழுங்கச் செய்வது அவசியம். அக்ரிலிக் இலேசானது, ஆனால் வளையும். தடிமனான தகட்டைப் பயன்படுத்துவதும், அவ்வப்போது புரட்டிப்போடுவதும் வளைவைக் குறைக்கும். பாலிகார்பனேட் உடையாது, குறைவாக வளையும், ஆனால் கீறல் விழும்.

மூன்றாவது, மூடி அமரும் விதம். தொட்டியின் விளிம்புக்கு உட்புறமாக, சற்றுச் சாய்வாக மூடி அமர்ந்தால் அதில் படியும் துளிகள் தொட்டிக்கே திரும்பும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உப்புநீர் வழிந்து வெளிப்புறம் உப்புப் பூக்கும். குழாய்க்கும் கம்பிக்கும் விடப்படும் வெட்டுகள் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது. பெரும்பாலான மீன்கள் வெளியேறுவது இந்த மூலைகளில்தான். வாரம் ஒருமுறை நன்னீரால் மூடியைக் கழுவினால் ஒளியிழப்பு குறையும்.

முடிவுரை

வார்டின் புட்டி, மூடினால் போதும் என்ற நம்பிக்கையைத் தந்தது. பவளத் தொட்டிக் காலம், திறந்தால் போதும் என்ற நம்பிக்கையைத் தந்தது. இரண்டும் முழு உண்மையல்ல. கடலில் மேற்பரப்பு ஒரு எல்லையன்று. அங்கு பாய்ந்த மீன் மீண்டும் நீரிலேயே விழுகிறது, ஆவியான நீர் மழையாகத் திரும்பிவருகிறது. கடலின் ஒரு சிறு பகுதியை அறைக்குள் பிரித்து வைக்கும்போது இவ்விரண்டையும் மனிதரே பார்த்துக்கொள்ள வேண்டியதாகிறது.

வணிகத்தில் உள்ள கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்றும் பண்ணையில் பிறந்தவை அல்ல. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இலங்கை போன்ற நாடுகளின் கடல்களில் பிடிக்கப்படுபவை. அவ்வளவு தொலைவு கடந்து பிழைத்து வந்த மீன் ஒன்று, விரல் அகல இடைவெளியால் இறந்துபோவது தவிர்க்கக்கூடிய இழப்பு. மீன்தொட்டியை அமைப்போர் விளக்கையும் வடிகட்டியையும் முதலில் வாங்கி மூடியைக் கடைசியில் நினைப்பது வழக்கம். மூடி பொருத்திய பிறகே மீனை விட வேண்டும் என்பதே இந்த நெடிய அனுபவம் தரும் எளிய பாடம்.